உயர்ந்திருக்கிறது

ஜூன் 4

மரியாதைக்குரிய நாத்தனார் அவர்களுக்கு,

நலம் விசாரித்துக்கொள்ளும் நிலையில் நாம் இப்போது இல்லை என்பதால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். போனில் கூப்பிடு, கூப்பிடு என்று உங்கள் அண்ணன் என் பின்னாலேயே சுற்றுகிறார். போனில் பேசினால் எனக்கு அழுகை வரும், உங்களுக்குக் கோபம் வரும், சொல்ல வந்ததைச் சொல்லாமலே இருவரும் வைத்துவிடுவோம். கடிதம் என்றால் யாரும் குறுக்கே பேச முடியாது. அதனால் எழுதுகிறேன்.

உங்கள் அண்ணன் மகளுக்குப் போன வாரம் வழக்கமான ரத்தப் பரிசோதனை நடந்தது. எல்லாம் பழையபடியே இருக்கிறது, ஒன்றைத் தவிர. பாஸ்படேஸ் என்று ஒரு நொதி. அதற்கு எதிரே அந்த வார்த்தையை எழுதியிருக்கிறார்கள். எங்கள் வீட்டில் அதைச் சொல்வதில்லை என்று உங்களுக்கே தெரியும். கொஞ்சநஞ்சம் இல்லை, நிறையவே அந்த வார்த்தை.

பித்தம் இறங்க வழியில்லாமல் பிறந்த பிள்ளை. குடலை இழுத்துக் கல்லீரலோடு தைத்து ஒரு வழி பண்ணிக் கொடுத்தார்கள். ஒன்பது வயது வரை அந்த வழி நன்றாகவே வேலை செய்தது. இப்போது அது அடைக்க ஆரம்பித்திருக்கலாம் என்று டாக்டரம்மா சந்தேகப்படுகிறார். அடுத்த மாதம் பன்னிரண்டாம் தேதி கல்லீரலில் நீள ஊசியை விட்டு ஒரு துணுக்கு எடுத்துப் பார்க்க வேண்டுமாம். அது சரியில்லை என்றால் மாற்றுக் கல்லீரலைப் பற்றிப் பேச வேண்டியிருக்கும் என்றார். அதற்குப் பிறகு அவர் சொன்னது எதுவும் என் காதில் ஏறவில்லை.

உங்கள் ஆய்வுக்கூடத்தில் குழந்தைகளின் ரத்தத்தில் வேறு ஏதோ நொதியை அளப்பதாக முன்பு சொல்லியிருக்கிறீர்கள். அதை இவளுக்கும் அளந்து பார்க்க முடியுமா? ரிப்போர்ட்டின் நகலை இணைத்திருக்கிறேன்.

இதனால் சைக்கிள் விஷயத்தில் நான் இறங்கி வந்துவிட்டதாக நினைக்க வேண்டாம். அன்றைக்குச் சொன்னதில் ஓர் எழுத்தைக்கூட நான் திரும்பப் பெறவில்லை. நீங்கள் அவளுக்கு வாங்கி வந்த சைக்கிள் பரண்மேல்தான் இருக்கிறது.

நீங்கள் விட்டுப்போன குடையைப் பத்திரமாக வைத்திருக்கும்,
உங்கள் அண்ணி


ஜூன் 9

அண்ணிக்கு,

'மரியாதைக்குரிய நாத்தனார் அவர்களுக்கு' என்று படித்ததும், வேறு யாருக்கோ வந்த கடிதத்தைப் பிரித்துவிட்டேனோ என்று உறையைத் திருப்பிப் பார்த்தேன். நாத்தனாருக்கு இவ்வளவு மரியாதை கொடுத்த அண்ணியை நான் கேள்விப்பட்டதே இல்லை. கண்ணாடி போட்டு மாட்டி வைக்கப்போகிறேன்.

இனி விளையாட்டு இல்லை. ரிப்போர்ட்டை நான்கு தடவை படித்தேன். முதல் தடவை பயந்துவிட்டேன், மறைக்க மாட்டேன். அப்புறம் நிதானமாக யோசித்தேன்.

பாஸ்படேஸ் இரண்டு வீட்டுக்காரன். கல்லீரலில் ஒரு வீடு, எலும்பில் ஒரு வீடு. ரத்தத்தில் அவன் கூட்டம் சேர்ந்தால், எந்த வீட்டிலிருந்து கிளம்பி வந்தான் என்று பார்த்துச் சொல்ல முடியாது. பித்த வழி அடைத்தாலும் வருவான், பிள்ளைகள் மளமளவென்று வளரும்போது எலும்பிலிருந்தும் வருவான். டாக்டரம்மாவுக்கு இது தெரியாமல் இருக்காது. ஆனாலும் எலும்பைப் பற்றி என்ன நினைக்கிறார் என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள்.

நாங்கள் இங்கே அளப்பது வேறு ஆள். பெப்டைடு என்பது அமினோ அமிலங்களை வரிசையாகக் கோத்த சின்னச் சரம், புரதத்தின் துண்டு. அந்தச் சரத்தை ஓரத்திலிருந்து ஒவ்வொன்றாக நறுக்கிப்போடும் நொதிகள் ரத்தத்தில் உண்டு. அதில் ஒன்றின் பெயர் லியூசின் அமினோபெப்டிடேஸ். சொல்லி முடிப்பதற்குள் டீ ஆறிவிடும் என்பதால் நாங்கள் அதைக் 'கத்தரி' என்றுதான் கூப்பிடுவோம். பித்த வழி அடைத்தால் கத்தரியும் ரத்தத்தில் பெருகும். ஆனால் எலும்பு என்ன ஆட்டம் போட்டாலும் கத்தரி அசையாது. எங்களுக்கு வேண்டியது அதுதான். இரண்டும் சேர்ந்து ஏறியிருந்தால் கல்லீரல். பாஸ்படேஸ் மட்டும் ஏறியிருந்தால் எலும்பு.

ரத்தம் எடுத்து, உறைய விட்டு, மெஷினில் சுழற்றி, மேலே தெளிந்து நிற்பதை மட்டும் ஐஸ் பெட்டியில் அனுப்பச் சொல்லுங்கள். ஊசி போடுகிறவர் கை பதறாமல் எடுக்கட்டும். ரத்த அணுக்கள் உடைந்து சிவந்துவிட்டால் எனக்குப் பிரயோஜனம் இல்லை.

சைக்கிள் விஷயத்தில் நானும் ஓர் எழுத்தைத் திரும்பப் பெறவில்லை. முட்டி சிராய்ந்த காரணத்துக்காக எந்தப் பிள்ளையும் கல்லீரல் வார்டில் படுத்து நான் பார்த்ததில்லை. இன்னொன்று. 'உயர்ந்திருக்கிறது' என்பது வெறும் வார்த்தைதான் அண்ணி. பாவம், அதை ஏன் வீட்டை விட்டுத் துரத்தினீர்கள்?

குடையை இரவல் கொடுத்திருக்கும்,
நாத்தனார் (மரியாதை போதும்)


ஜூன் 15

நாத்தனாருக்கு,

ஐஸ் பெட்டியை உங்கள் அண்ணனின் நண்பர் உங்கள் ஊர்ப் பக்கம் வரும்போது கையோடு கொண்டுவருகிறார். இதோடு இந்தக் கடிதமும் வரும். பெட்டியை மடியிலேயே வைத்துக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன். பேருந்தில் தூங்கிவிடுவாரோ என்று பயமாக இருக்கிறது.

டாக்டரம்மாவிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன். அவருக்குக் கோபமே வரவில்லை. "அந்த அளவு கிடைச்சா எனக்கும் உதவியாத்தான் இருக்கும்" என்றார். எலும்பைப் பற்றியும் கேட்டேன். இவள் வளர்ந்திருந்தால் அவரும் எலும்பு என்றுதான் முடிவு செய்திருப்பாராம். அரை வருடத்துக்கு முன் எடுத்த உயரத்தையும் இப்போது எடுத்த உயரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். வித்தியாசம் என்று சொல்ல ஒன்றுமே இல்லை. வளராத பிள்ளைக்கு எலும்பு எப்படிக் காரணமாகும் என்றார்.

ரத்தம் எடுக்கும்போது அவள் அழவில்லை. கை பழகிப்போய்விட்டது அவளுக்கு. நரம்பு எங்கே கிடைக்கும் என்று அவளே நர்ஸுக்குக் காட்டிக் கொடுக்கிறாள். எடுத்து முடித்ததும், "இதுலயும் அந்த வார்த்தை வருமா?" என்று என்னைக் கேட்டாள். நான் நர்ஸைப் பார்த்தேன். நர்ஸ் சுவரைப் பார்த்தார்.

துரத்தினேன் என்று எழுதியிருக்கிறீர்களே. கைக்குழந்தையாக இருந்தபோது ஒவ்வொரு தடவை ரிப்போர்ட் வரும்போதும் அந்த ஒரு வார்த்தைதான். மஞ்சள் உயர்ந்திருக்கிறது, அது உயர்ந்திருக்கிறது, இது உயர்ந்திருக்கிறது. கேட்கிறபோதெல்லாம் என்னையும் அறியாமல் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். அதற்குப் பயந்து உங்கள் அண்ணன்தான் முதலில் விட்டார். லிஃப்ட் பழுது பார்க்கிற மனிதர், நாள் முழுக்க ஏற்றி இறக்குவதுதான் தொழில். அவரே வீட்டுக்கு வந்தால் 'மேலே போச்சு' என்று சுற்றி வளைத்துப் பேசுவார். வெண்டைக்காய் விலையைக்கூட அப்படித்தான் சொல்வார். அப்படியே பழகிவிட்டது.

சைக்கிளைப் பரணில் போட்டதற்கு, பஞ்சுக்குள் வைத்து வளர்க்கிறேன் என்று நீ சொன்னாய். சொல்லிவிட்டுச் சாப்பிடாமல் பையைத் தூக்கிக்கொண்டு போனாய். நான் வடித்து வைத்த சோற்றை என்ன செய்வது என்று ஒரு நிமிடம் யோசித்தாயா?

நீங்கள் என்று எழுத நினைத்தேன். பேனா நழுவிவிட்டது. அடித்துத் திருத்த நேரமில்லை.

அண்ணி


ஜூன் 21

அண்ணிக்கு,

பேனா நழுவியதில் எனக்குப் பரம சந்தோஷம். அடிக்கடி நழுவட்டும்.

பெட்டி பத்திரமாக வந்தது. அண்ணனின் நண்பர் மடியிலிருந்து இறக்கவே மாட்டேன் என்றார், பிடுங்க வேண்டியதாயிற்று. வழியெல்லாம் விழித்துக்கொண்டே வந்தாராம். இங்கே வந்து எங்கள் நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டார்.

முடிவைச் சொல்கிறேன். கத்தரி அசையவில்லை.

எங்கள் முறை எப்படி என்றால், கத்தரிக்கு நறுக்கக் கொடுக்கும் சரத்தின் ஒரு முனையில் ஒரு சாயத்தைக் கட்டி வைத்திருப்போம். நறுக்கினால் சாயம் விடுபட்டுக் குழாயில் மஞ்சள் நிறம் ஏறும். கத்தரி அதிகம் இருந்தால் மஞ்சளும் அதிகம். பித்தம் அடைத்த பிள்ளைகளின் குழாய், நான் திரும்பி நோட்டில் எழுதுவதற்குள் மஞ்சளாகி நிற்கும். நம் வாலுப் பெண்ணின் குழாய் நல்ல பிள்ளைகளின் குழாய்களோடு சேர்ந்து வெளிறிப்போய் நின்றது. மஞ்சள் வரவில்லையே என்று நம் குடும்பத்தில் யாராவது இப்படிச் சந்தோஷப்பட்டதுண்டா?

சொந்தக்காரி என்பதால் என் கண்ணை நான் நம்பவில்லை. யாருடைய ரத்தம் என்று சொல்லாமல் பக்கத்து மேஜைக்காரியிடம் கொடுத்து மறுபடி அளக்கச் சொன்னேன். அவளுக்கும் அதே விடை. "யாருதுன்னு தெரியலை, ஆனா இந்தப் பிள்ளைக்குக் கல்லீரல்ல எதுவும் அடைக்கலை" என்று அவளாகவே சொன்னாள். நான் கழிவறைக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

ஆக, பாஸ்படேஸ் எலும்பு வீட்டிலிருந்து வந்திருக்கிறான். அப்படியானால் பிள்ளை வளர்ந்திருக்க வேண்டும். ஆனால் வளரவில்லை என்று டாக்டரம்மாவின் அளவு சொல்கிறது. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியாது. என் கத்தரி பொய் சொல்லவில்லை என்று நான் அடித்துச் சொல்வேன். முடிவை டாக்டரம்மாவுக்கும் அனுப்பிவிட்டேன். அவர் படித்துவிட்டு, உயரத்தில் இடிக்கிறதே, அது தெளியும்வரை ஊசித் தேதியை மாற்ற மாட்டேன் என்று எழுதியிருக்கிறார். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் செய்வேன்.

அதனால் இன்னும் சந்தோஷப்பட்டுவிடாதீர்கள். நான் மட்டும் ரகசியமாகப் பட்டுக்கொண்டிருக்கிறேன். வீட்டில் ஒரு தடவை உயரத்தை அளந்து எழுதுங்கள்.

சோற்றை என்ன செய்தீர்கள்?

நாத்தனார்


ஜூன் 24

நாத்தனாருக்கு,

சுருக்கமாக எழுதுகிறேன், எழுத மனம் இல்லை.

கடிதம் வந்த அன்றே கதவோரமாக நிறுத்தி அளந்தோம். தலையில் அளவுகோலை வைத்து உன் அண்ணன் கோடு கீறினார். லிஃப்ட் மட்டம் பார்க்கிற கை, ஒரு நூல் பிசகாது. பழைய கோட்டின் மேலேயே புதுக் கோடு விழுந்தது. வளரவில்லை.

ஆஸ்பத்திரியிலும் நர்ஸ் ஒழுங்காகத்தான் அளந்தார், நான் பக்கத்திலேயே நின்றேன். அதனால் உன் கத்தரிதான் எங்கேயோ தப்பு பண்ணியிருக்கிறது. கோபித்துக்கொள்ளாதே. நீ நல்லது நடக்க வேண்டும் என்று நினைத்தே பார்த்திருப்பாய், அதனால் நல்லதாகத் தெரிந்திருக்கும்.

அவளும் முன்னைப்போல் இல்லை. கூன் போட்டு நடக்கிறாள். குட்டைக் கவுன் எல்லாம் வேண்டாம், கால் வரைக்கும் மூடுகிற நீளக் கவுன்தான் வேண்டும் என்று பிடிவாதம். வீட்டில்கூட அதைத்தான் போட்டுக்கொண்டு சுற்றுகிறாள். போன வாரம் ராத்திரி எழுந்து உட்கார்ந்து முழங்காலுக்குக் கீழே தடவிக்கொண்டிருந்தாள். "வலிக்குதா?" என்று கேட்டதற்கு, இல்லவே இல்லை என்று படுத்துக்கொண்டாள். எதையோ மறைக்கிறாள். உடம்புக்கு முடியாததைத்தான் மறைக்கிறாள் போல.

ஊசித் தேதி அப்படியே இருக்கிறது.

சோற்றைக் கடையில் என்னோடு வேலை பார்க்கிறவர்களுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். நாத்தனார் உன் சமையல் பிடிக்காமல் ஓடிவிட்டாளா என்று சிரித்தார்கள்.

அண்ணி


ஜூன் 28

அண்ணி,

கோபித்துக்கொள்ளவில்லை. கத்தரிக்குத்தான் கொஞ்சம் மனவருத்தம்.

நீங்கள் எழுதியதைப் படித்துப் பயப்பட வேண்டிய நான் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தேன். ராத்திரியில் முழங்காலுக்குக் கீழே வலி. நீளக் கவுன். பழைய கோட்டின் மேலேயே புதுக் கோடு. ஒரு நூல்கூட வித்தியாசம் இல்லை என்றால் அதுதான் அண்ணி எனக்கு உறுத்துகிறது. யாரையும் இரண்டு தடவை அளந்தால் இரண்டு அளவு வரும். ஒரே அளவு வர வேண்டும் என்றால் யாரோ மெனக்கெட வேண்டும்.

ஒன்று கேட்கிறேன், கோபப்படாதீர்கள். நீங்கள் வேலை பார்ப்பது செருப்புக் கடையில். நாள் முழுக்க ஊரார் பிள்ளைகளின் பாதத்தைப் பலகையில் வைத்து அளக்கிறீர்கள். நம் பிள்ளையின் பாதத்தைக் கடைசியாக எப்போது பலகையில் வைத்தீர்கள்?

கடைக்கு அழைத்துப் போங்கள். எதற்கு என்று அவளிடம் சொல்லாதீர்கள். இன்றைக்கே போனாலும் நல்லது.

அவசரமாக,
நாத்தனார்


ஜூலை 4

என் கண்ணு நாத்தனாரே,

எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. எழுத உட்கார்ந்தால் சிரிப்பு வருகிறது, சிரித்தால் அழுகை வருகிறது, உன் அண்ணன் வந்து வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறார்.

உன் கேள்வியைப் படித்ததும் முதலில் எரிச்சல்தான் வந்தது. பிறகு யோசித்துப் பார்த்தேன். அவள் பாதத்தை நான் பலகையில் வைத்து வருடக்கணக்காகிறது. அவள் அளவு எனக்கு மனப்பாடம். வருடா வருடம் அதே எண், அதே பெட்டி, கடையில் எந்தத் தட்டில் இருக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு எடுப்பேன். மற்ற பிள்ளைகளுக்கெல்லாம் எண் ஏறும், இவளுக்கு மட்டும் ஏறாது. அளந்து பார்த்து அதைத் தெரிந்துகொள்ள வேண்டுமா என்றுதான் நான் அளக்கவே இல்லை. பள்ளி திறந்தபோதும் அதே எண்ணைத்தான் எடுத்து வந்தேன். "சரியா இருக்கா?" என்றேன். "சூப்பரா இருக்கும்மா" என்றாள்.

மத்தியானம் கூட்டம் இல்லாத நேரமாகக் கடைக்கு அழைத்துப் போனேன். சின்ன ஸ்டூலில் உட்காரவைத்து ஷூவைக் கழற்றினேன். கழன்று வரவில்லை. கூட்டாளி ஒருத்தி குதிகாலைப் பிடிக்க, நான் இழுக்க, ஒருவழியாக வந்தது. உள்ளே விரல்கள் மடங்கி, நுனியெல்லாம் சிவந்திருந்தன. பலகையில் பாதத்தை வைத்து நகரும் கட்டையை விரல் வரைக்கும் தள்ளினேன். என் கண்ணை நம்பாமல் மறுபடி தள்ளினேன். இரண்டு அளவு. இரண்டு முழு அளவு பெரிதாகியிருக்கிறது பாதம்.

நான் நிமிர்ந்து அவளைப் பார்த்தேன். திருதிருவென்று விழித்தாள். அப்புறம் மெல்லக் கால்களைக் கவுனுக்குள் இழுத்துக்கொண்டாள். எனக்குச் சட்டென்று புரிந்தது. எழுந்து நிற்கச் சொன்னேன். நின்றாள். கவுனை முட்டி வரைக்கும் தூக்கிப் பார்த்தேன். கவுனுக்குள்ளே முழங்காலை மடக்கிக்கொண்டு நிற்கிறாள் நாத்தனாரே, பாதி உட்கார்ந்த மாதிரி. ஆஸ்பத்திரியிலும் அப்படித்தான் நின்றிருக்கிறாள். கதவோரமும் அப்படித்தான். பழைய கோடு எங்கே இருக்கிறது என்று தலைக்குப் பின்னால் கையை விட்டுத் தடவிப் பார்த்து, தலையை அதற்குச் சரியாக வைத்திருக்கிறாள். லிஃப்ட் மட்டம் பார்க்கிறவரையே ஏமாற்றிவிட்டாள். இந்தத் திறமை யார் வழியில் வந்தது என்று நான் சொல்லப்போவதில்லை.

"ஏன்டி இப்படிப் பண்ணினே?" என்றேன். கோபமாகக் கேட்கத்தான் நினைத்தேன், கோபம் வரவில்லை.

"உயர்ந்தா நீ அழுவியேம்மா" என்றாள்.

கடையில் எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டார்கள். அவள் காலை மறுபடி கவுனுக்குள் இழுத்துக்கொண்டு கேட்டாள். "உயர்ந்தா பரவாயில்லையாம்மா?"

அப்படியே அவள் காலைக் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

நேற்று டாக்டரம்மாவிடம் போனோம். முட்டியை ஒரு நர்ஸ் பிடித்துக்கொள்ள, குதிகாலை ஒரு நர்ஸ் பிடித்துக்கொள்ள, மறுபடி அளந்தார்கள். என் விரல் மூன்றை அடுக்கினால் எவ்வளவோ அவ்வளவு வளர்ந்திருக்கிறாள். டாக்டரம்மா உன் அளவையும் உயரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தார். கல்லீரல் சரியாக வேலை செய்யாமல் பிள்ளை இப்படி வளராது, ஊசி தேவையில்லை என்றார். மூன்று மாதம் கழித்து ரத்தம் மட்டும் பார்த்தால் போதுமாம். அப்புறம் அவரே, "ஒரு பிள்ளை முழங்காலை மடக்கி என்னை ஏமாத்தும்னு எந்தப் படிப்புலயும் சொல்லித் தரலை" என்று சிரித்தார்.

உன் கத்தரியிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல். தப்பு பண்ணியது அதுவல்ல.

உன் அண்ணி


ஜூலை 8

அண்ணி,

கடிதத்தை ஆய்வுக்கூடத்தில் உரக்கப் படித்தேன். பக்கத்து மேஜைக்காரி கையிலிருந்த குழாயைக் கீழே போட்டுவிட்டாள். அது யாருடைய ரத்தம் என்று அவளுக்கு இப்போதுதான் தெரியும். எங்கள் பெரியவர், சிரிக்கத் தெரியாதவர் என்று நாங்கள் நினைத்திருந்தவர், தன் அறைக்குப் போய் முழங்காலை மடக்கி நின்று பார்த்தாராம். கொஞ்ச நேரம்கூட நிற்க முடியவில்லையாம். பாதி உட்கார்ந்தபடி எவ்வளவு நேரம் நின்றிருக்கிறாள், அந்தப் பிள்ளையின் தொடைக்கு என்ன பலம் இருக்க வேண்டும் என்று ஆச்சரியப்பட்டார். மற்றவர்கள் பயந்து பயந்து வளர்த்தும் இவ்வளவு பலம் என்று நான் சொல்ல வந்தேன், சொல்லவில்லை.

நானும் சிரித்தேன். சிரித்துவிட்டு ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை.

அண்ணி, அவள் ஒரு கேள்வி கேட்டாளே, அதற்குப் பதில் சொன்னீர்களா? காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தீர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அழுதீர்களா? நிச்சயம் அழுதிருப்பீர்கள். அவள் அதைப் பார்த்திருப்பாள். உயர்ந்தால் அம்மா அழுவாள் என்று அவள் போட்ட கணக்கு சரியாகிவிட்டதே. சந்தோஷ அழுகை, துக்க அழுகை என்று ஒன்பது வயதுக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. எனக்கே சில சமயம் தெரிவதில்லை. நீங்கள் அந்த வார்த்தையை உங்கள் வாயால் சொல்லாதவரை அடுத்த தடவையும் அவள் முட்டியை மடக்குவாள். அதை என் கத்தரியால் கண்டுபிடிக்க முடியாது.

வேறு யார் சொன்னாலும் எடுபடாது. அண்ணன் சொல்லிப் பிரயோஜனமில்லை, அவர் வெண்டைக்காய்க்கே சுற்றி வளைப்பவர். நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

பஞ்சு என்று சொன்னது என் வாய்க்கொழுப்பு. அதை மட்டும் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். சைக்கிளைப் பெற மாட்டேன்.

பன்னிரண்டாம் தேதிக்கு வேறு ஏதாவது நல்ல வேலை வைத்துக்கொள்ளுங்கள். ஊசிக்கென்று ஒதுக்கிய நாள் சும்மா போகக்கூடாது.

நாத்தனார்


ஜூலை 13

நாத்தனாரே,

அழுதேன். நீ நினைத்தது சரி. அன்றிலிருந்து அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்ததும் சரி. புது ஷூவைப் போட்டுக்கொண்டாள், ஆனால் கூன் நிமிரவில்லை. அந்த வார்த்தையைக் கண்ணாடி முன் நின்று நான் சொல்லிப் பழகினேன் என்றால் சிரிப்பாய். சிரி. அடுப்படியில் மிக்ஸி ஓடும்போதுகூடச் சொல்லிப் பார்த்தேன்.

நேற்று காலையில் உன் அண்ணனிடம் பரண்மேல் இருப்பதை இறக்கச் சொன்னேன். அவருக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் ஸ்டூலைத் தேடி ஓடினார். உன் சைக்கிள்தான். துடைத்து, காற்றடித்து, வாசலில் நிறுத்தினார். வாலு ஏறி உட்கார்ந்தாள். அவ்வளவுதான், முட்டி கைப்பிடியில் போய் இடித்தது. போன வருடம் நீ அடிமட்டத்துக்கு இறக்கிப் பூட்டிய சீட்டு, அப்படியே இருக்கிறது.

உன் அண்ணன் ஸ்பானரைக் கையில் எடுத்துக்கொண்டு, "சீட்டைக் கொஞ்சம் உயர்..." என்று ஆரம்பித்து அப்படியே நாக்கைக் கடித்துக்கொண்டார். என்னைப் பார்த்தார். அவளும் என்னைப் பார்த்தாள், முட்டி தானாக உள்ளே மடங்கியது.

"உயர்த்துங்க" என்றேன். "நல்லா உயர்த்துங்க. என் பொண்ணு உயர்ந்திருக்கா."

தெருவுக்கே கேட்கும்படி கத்தியிருக்கிறேன் போல. எதிர்வீட்டு மாடியில் ஒரு ஜன்னல் திறந்தது. கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை, உன் அண்ணன் சாட்சி. அவள் என் முகத்தை ஓரத்திலிருந்து ஓரம் வரை பார்த்தாள். அப்புறம் சைக்கிளிலிருந்து இறங்கி, நேராக உள்ளே போய், கதவோரம் முதுகை ஒட்டி நின்றாள். குதிகால் தரையில், முட்டி நேராக, தலை நிமிர்ந்து. கவுனை அவளே தூக்கிப் பிடித்துக் காட்டினாள், நம்பிக்கை வரட்டும் என்று. உன் அண்ணன் கோடு போட்டார். பழைய கோடு தோள்பக்கம் எங்கேயோ கிடக்கிறது என்று எழுத ஆசை, அவ்வளவு இல்லை, ஆனால் மூன்று விரலுக்கு மேலேயே இருக்கிறது.

அதன் பிறகு சைக்கிள். தெரு முனை வரைக்கும் போனாள். திருப்பும்போது விழுந்தாள். நான் ஓடவில்லை, ஓடக்கூடாது என்று வாசல் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றேன். எழுந்தாள். அடிபட்ட முட்டியைப் பார்ப்பதற்கு முன்னால் என் முகத்தைத்தான் பார்த்தாள். நான் கையாட்டினேன். அவளும் கையாட்டிவிட்டு மறுபடி ஏறிக்கொண்டாள்.

மத்தியானம் கேட்டாள், அத்தை எப்போது வருவாள் என்று. அடுத்த விடுமுறைக்கு வருகிறாய், சாப்பிட்டுவிட்டுத்தான் போகிறாய் என்று சொல்லிவிட்டேன். உன் குடையைக் கொடுக்க மாட்டேன். மழையில் நனைந்துகொண்டே வா.

வரும்போது ஸ்பானர் ஒன்று கொண்டுவா. அதற்குள் சீட்டை இன்னொரு தடவை உயர்த்த வேண்டியிருக்கும்.

உன் அண்ணி